விழுந்து கும்பிடுவோர் எழும்பவும் வேண்டும்

நமது சங்கத்தின் அங்கத்தவர்களில் பெரும் பகுதியினர் 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். கடல் கடந்து வந்த விமானங்கள் அக்காலத்தில் டோர்வலுக்கு வருவதில்லை. 1997 வரை மிராபெல்லிலேயே இறங்கின. ஒழுங்கான குளிர்ச்சட்டை கூட இல்லாமல் அங்கே வந்திறங்கிய முப்பது வயது இளைஞர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஊரிலிருந்து பெற்றோரை அழைப்பித்துப் பராமரித்த அந்தத் தலைமுறை, இப்போது தானே பராமரிப்பை நாடும் வயதுக்கு வந்துவிட்டது. டோர்வலிலும் டொலார்-டி-ஓர்மோவிலும் லசாலிலும் குடியிருந்து வெள்ளிதோறும் கோவிலுக்கு வரும் இப்பெரியோரை மனதிற் கொண்டே இதனை எழுதுகிறேன்.

பூசைக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மாவை மூன்று வாரம் தொடர்ந்து காணவில்லை என்று வீட்டாரிடம் விசாரித்தால், பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "அம்மா விழுந்துபோனா" என்பதே. அதைக் கேட்பவரும், "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அர்ச்சனைச் சீட்டு எடுக்கப் போய்விடுவார். மாரடைப்பு என்றால் நாம் அப்படிச் சொல்வதில்லை. என்ன சாப்பிட்டார், என்ன குளிசை எடுத்தார், எந்த வைத்தியர் பார்த்தார் என்றெல்லாம் கேட்கிறோம். விழுவதைப் பற்றி மாத்திரம் கேள்வி கேட்பாரில்லை.

கனடாப் பொதுச் சுகாதார முகவரகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்நாட்டில் 65 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 20 முதல் 30 பேர் வரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள். காயப்பட்டு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படும் முதியோரில் 100க்கு 85 பேர் விழுந்ததனாலேயே வருகிறார்கள். இடுப்பு எலும்பு முறிவுகளில் 100க்கு 95 விழுந்ததால் நேர்பவை. இடுப்பு எலும்பு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் காலமாகிறார். பிழைத்தவர்களிலும் பலர் முன்போலத் தனித்து நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை. "விழுந்துபோனா" என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

நம்மவரிடம் இதற்கு மேலும் ஒரு வழக்கம் உண்டு. விழுந்ததை மறைப்பார்கள். மகனுக்குத் தெரிந்தால் தனியே வெளியே போக விடமாட்டான், மருமகள் முதியோர் இல்லத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவாள் என்ற பயம். என்னிடம் வரும் தாய்மார் பலர், கையில் உள்ள நீலத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கதவு இடித்துப்போட்டுது டொக்டர்" என்பார்கள். பின்னர் பயம் அதிகரித்து, நடப்பதைக் குறைப்பார்கள். நடப்பதைக் குறைத்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் மீண்டும் விழுவார்கள். ஒரு தடவை விழுந்தவர் மறு தடவை விழக்கூடிய சாத்தியம் அதிகம் என்பதால், முதல் விழுகையை மறைப்பதுதான் மிகவும் கெடுதியானது. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அம்மா விழுந்தேன் என்று சொன்னவுடன் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

நமது தேகம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. கண் ஒன்று, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் மூன்றாவது. இவற்றை மூளை சேர்த்துப் பார்த்து, கால் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. ஒன்று பழுதானால் மற்றைய இரண்டும் ஓரளவு ஈடுசெய்யும். நம் சமூகத்தில் நீரிழிவு மலிந்திருப்பதால், பலருக்குப் பாதத்து நரம்பு ஏற்கெனவே மரத்துப் போயிருக்கிறது. அவர்கள் கண்ணை நம்பியே நிற்கிறார்கள். கண்ணில் வெண்படலம் விழுந்தாலோ, இரவில் விளக்கை அணைத்தாலோ, நிற்க ஆதாரம் இல்லாமற் போகிறது. படியிறங்கும்போது இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாகம் படியை மங்கலாக்கிக் காட்டும் என்பதையும் பலர் அறிவதில்லை.

யாழ்ப்பாணத்தில் நமது பாட்டனாரும் பாட்டியாரும் தேகப்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. ஆனால் பாயில் இருந்து சாப்பிட்டார்கள், குந்தியிருந்து தேங்காய் துருவினார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், மணல் ஒழுங்கைகளில் வெறுங்காலுடன் நடந்தார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை நிலத்திலிருந்து எழும்பினார்கள் என்று அவர்களே எண்ணியதில்லை. கோவிலுக்குப் போனாலும் அப்படியே. பிள்ளையாருக்கு முன் தோப்புக்கரணம், ஆண்களுக்கு அட்டாங்க நமஸ்காரம், பெண்களுக்குப் பஞ்சாங்க நமஸ்காரம், பின்னர் உள்வீதி வலம். நல்லூர்த் திருவிழாவில் ஆண்கள் பிரதட்டை செய்வதையும், பெண்கள் அடியழிப்பதையும் பார்த்தவர்கள் நம்மிடையே பலர். தாமே செய்தவர்களும் இருக்கிறார்கள். அடியடியாக விழுந்து வணங்கி எழும்பி வீதியைச் சுற்றி வந்த அறுபது வயது அம்மாவின் தொடை வலிமை, இன்று இங்குள்ள நாற்பது வயது மகளுக்கு இருக்குமோ என்பது சந்தேகம்.

தோப்புக்கரணம் போட்டால் மூளை விருத்தியாகும் என்று வெளிநாட்டவர் சிலர் புதுப்பெயர் சூட்டி விற்கிறார்கள். அதற்குத் தகுந்த சான்று எதையும் நான் கண்டதில்லை. தொடையும் இடுப்பும் பலப்படும் என்பதில் ஐயமில்லை; நமக்கு அது போதும்.

பிரேசில் நாட்டு வைத்தியர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கு குறிப்பிட வேண்டும். 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரை நிலத்தில் இருந்து எழும்பச் சொன்னார்கள். மொத்தம் 10 புள்ளி. கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளியும், தள்ளாடினால் அரைப் புள்ளியும் குறைப்பார்கள். குறைந்த புள்ளி பெற்றவர்களிடையே அடுத்துவந்த ஆண்டுகளில் மரண வீதம் அதிகமாக இருந்தது. அதே குழுவினர் 2022இல், 51 முதல் 75 வயது வரையிலான 1702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னபோது, ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. நிலத்தில் இருந்து எழும்பினால் ஆயுள் நீளும் என்று இவை நிரூபித்துவிடவில்லை. மூட்டு, தசை, சமநிலை மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் சோதனை வேறில்லை என்பதே விடயம். வாசகர்கள் யாரும் இதைத் தனியே செய்து பார்க்க வேண்டாம். குசினி மேசை ஓரத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்க.

நமது மண்டபத்திற்கு வருவோம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இரண்டு வரிசைக் கதிரை போட்டோம். இன்று அரை மண்டபம் கதிரை. அதனைக் குறை சொல்ல நான் வரவில்லை. முழங்கால் மாற்றிய ஒருவரை நிலத்தில் இருக்கச் சொல்வது அறிவீனம். ஆனால் அறுபத்திரண்டு வயதில், ஒரு குறையுமில்லாதவரும் பழக்கத்தினால் கதிரைக்குப் போகிறார். அன்னதானத்திலும் மேசை கதிரை. இப்படிப் பத்து ஆண்டு நிலத்தைத் தொடாதவருக்கு நிலம் அந்நியமாகிவிடுகிறது. பின்னர் குளியலறையில் ஒரு நாள் விழுந்தால், எலும்பு முறியாவிட்டாலும் எழும்பத் தெரியாது. மகன் வேலையால் வரும் வரை மணித்தியாலக் கணக்கில் குளிர்ந்த தரையில் கிடந்து, நீர் வற்றி, தசை நைந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு.

விழுந்தவர் எழும்புவதற்குப் பிசியோதெரபிஸ்டுகள் கற்பிக்கும் முறை என்னவென்று சொல்கிறேன். முதலில் பதறாமல் மூச்சு விட்டு, எங்கே நோகிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பையோ காலையோ அசைக்க முடியாமல் நொந்தால் எழும்ப முயலவே கூடாது. 911ஐ அழைக்க வேண்டும். தலை அடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவராயின், சுகமாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலும் நிலத்தில் இருக்கும்படி வந்து, தவழ்ந்து ஒரு கதிரையை அடைந்து, இரு கைகளையும் அதில் ஊன்றி, பலமுள்ள காலை முன்னே வைத்து எழும்பி, மெல்லத் திரும்பி இருக்க வேண்டும். கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து எழும்புதல்: பஞ்சாங்க நமஸ்காரத்திலிருந்து நாம் எழும்புவதும் ஏறக்குறைய இப்படித்தான். நமது சமயம் தினமும் பழக்கிய ஒன்றை நாமே கைவிட்டுவிட்டு, விழுந்த பின் ஆஸ்பத்திரியில் புதிதாகக் கற்கிறோம். ஆகவே முடிந்தவர்கள், சுவரோரம் ஒரு கைபிடியைப் பற்றிக்கொண்டாவது, விழுந்து கும்பிடுவதை விட வேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கைபிடி என்றேன். அப்படி ஒன்று நம் மண்டபச் சுவரில் எங்கே இருக்கிறது? சப்பாத்துக் கழற்றும் இடத்தில் மாரி காலத்தில் நடப்பதைப் பரிபாலன சபையினர் ஒரு வெள்ளி மாலை நின்று கவனிக்க வேண்டும். நீண்ட பூட்ஸை, ஒற்றைக் காலில் நின்று, இருப்பதற்கு ஒரு வாங்கு கூட இல்லாமல், பிறர் தோளைப் பிடித்துக் கழற்றுகிறார்கள். பனி உருகிய தண்ணீர் தரையெங்கும். அதில் நனைந்த காலுறையுடன் மினுக்கிய கற்தளத்துக்குப் போகிறார்கள். ஊரில் நாம் மேஸ் என்று சொல்லும் அந்தக் காலுறைதான் வழுக்குவதில் முதன்மையானது. வெறுங்கால் அதைவிட நல்லது. பாதம் மரத்துப்போன நீரிழிவுக்காரர்களும் குளிர் தாங்காதவர்களும், அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த காலுறையை அணியலாம். பார்மசிகளில் கிடைக்கும், விலையும் சொற்பம். அபிஷேகத் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் சிந்திய இடத்தை உடனே துடைப்பதற்கு ஒரு தொண்டர் முறை வைப்பதும் பெரிய காரியமல்ல. கோபுர வேலைக்கு நாம் மனமுவந்து கொடுக்கிறோம். ஒரு வாங்கும் இருபது அடிக் கைபிடியும் எந்த உபயகாரரின் பெயரிலும் இதுவரை வரவில்லை.

கந்த சஷ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசியில் வரும் அந்த ஆறு நாட்களும், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளும் காலத்தையொட்டியே வருகின்றன. மாலை நாலரைக்கே இருட்டிவிடும். விரதகாரர் பாலும் பழமுமாக இருந்துகொண்டு, பிரஷருக்கும் சலம் போவதற்குமான குளிசைகளை வழமைபோல் எடுத்துவிட்டு, தடித்த குளிர்ச்சட்டையுடன் சூடான மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்கிறார். தீபாராதனையின்போது மயங்கி விழுபவர்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். அருள் வந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்கியதுதான். விரதம் பிடிப்பதைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே குடும்ப வைத்தியரிடமோ பார்மசிஸ்டிடமோ போய், எந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக இன்சுலின் போடுபவர்கள்.

குளிசை என்று வந்தபடியால் நித்திரைக் குளிசையையும் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், சிறையிலிருந்த மகனை எண்ணி உறங்காதவர்கள் பலருக்கு, இங்கு வந்த புதிதில் லோராசிபாம் போன்ற குளிசைகள் கொடுக்கப்பட்டன. இருபது முப்பது ஆண்டுகளாக அது தொடர்கிறது. அன்று அது தேவைப்பட்டிருக்கலாம். எழுபத்தைந்து வயதில் அதே குளிசை, நள்ளிரவில் சலம் கழிக்க எழும்பும்போது காலை வாரிவிடுகிறது. நம் மொன்றியலிலேயே, பார்மசிகள் மூலம் ஓர் ஆய்வு நடந்து 2014இல் வெளிவந்தது. இக்குளிசைகளை நீண்ட காலம் எடுத்த முதியோருக்கு, அவற்றின் தீமையையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 100க்கு 27 பேர் அக்குளிசையை முற்றாக விட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் 5 பேர் மாத்திரமே. ஒரு சிறு புத்தகம் செய்த வேலை இது. எனினும் யாரும் திடீரென நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து. வாரக் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். பார்மசிஸ்ட் அட்டவணை போட்டுத் தருவார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை பலவற்றை நீங்களே அறிவீர்கள். இரவில் வழி தெரிய ஒரு சிறு விளக்கு, மடங்கிய விரிப்புகளை அகற்றுதல், சேலை ஓரத்தையும் வேட்டி நுனியையும் தூக்கிக் கட்டுதல். நம்மவருக்கே உரிய ஆபத்து ஒன்று மட்டும்: எண்ணெய் முழுக்கு. ஊரில் கிணற்றடியில் சொரசொரத்த சீமெந்தில் நின்று முழுகினோம். இங்கே மினுமினுத்த குளியல் தொட்டிக்குள், உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயுடன், ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறுகிறோம். தொட்டிக்குள் ரப்பர் விரிப்பும், சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய கைபிடியும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் இல்லாமல் முழுகுவதை இந்தச் சனிக்கிழமையிலிருந்தே நிறுத்துங்கள். துவாய் கொழுவும் கம்பி கைபிடியாகாது. பிடித்தவுடன் கழன்று கையோடு வரும்.

இனி, சமநிலையைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வி. முடியும். உலகெங்கும் நடந்த 108 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, தகுந்த பயிற்சியினால் விழுகைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகின்றன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 670 முதியோரிடையே நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், சீனரின் தாய்ச்சி முறையைப் பழகியவர்கள், வெறுமனே கை கால் நீட்டிப் பழகியவர்களிலும் பாதிக்கு மேல் குறைவாக விழுந்தார்கள். "நான் நாள்தோறும் பெயார்வியூ கடைத்தொகுதிக்குள் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன், அது போதும்" என்பவர்கள் உண்டு. நடை இருதயத்துக்கு நல்லது. அதனை விட வேண்டாம். ஆனால் நடை மாத்திரம் விழுகையைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. சமநிலையைச் சற்றே சோதிக்கும் பயிற்சி வேண்டும்: கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்புதல், குதிக்காலை உயர்த்தி நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்து நடத்தல், பக்கவாட்டில் நடத்தல். வாரத்தில் மூன்று மணித்தியாலமாவது, விடாமல்.

இதற்கென்றே மொன்றியல் பொதுச் சுகாதாரத் துறையில் உருவான திட்டம் ஒன்று கியூபெக்கில் உண்டு. அதன் பெயர் பியே. பிரெஞ்சு மொழியில் பாதம் என்று பொருள். பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு வகுப்பு, அத்துடன் வீட்டில் செய்யும் பயிற்சிகள், விழாமலிருப்பது பற்றிய சிறு கலந்துரையாடல்கள். இதிற் பங்குபற்றியோரின் சமநிலை முன்னேறியதாக 2005இல் ஆய்வும் வெளிவந்தது. சி.எல்.எஸ்.சி. நிலையங்கள் மூலம் இலவசமாக நடைபெறுகிறது. ஆயினும் நம்மவர் அங்கு போவது அரிது. மொழி ஒரு தடை. தெரியாதவர் நடுவே சேலையுடன் காலைத் தூக்கி நிற்கக் கூச்சம் மற்றொன்று. இவற்றிலும் பெரியது, நம் வீடுகளில் இருக்கும் அப்பாமார் அம்மாமார் பலர் சுப்பர் விசாவில் வந்தவர்கள் என்பது. அவர்களுக்கு மாகாணச் சுகாதார அட்டை கிடையாது. பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் ஒரு லட்சம் டொலர்க் காப்புறுதி ஆஸ்பத்திரிச் செலவுக்கே ஒழிய, விழாமலிருக்கப் பழக்குவதற்கு அல்ல. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து, பாடசாலை வாசலில் உறைபனியில் வழுக்கி இடுப்பு முறிந்தால், அந்தக் குடும்பம் படும்பாடு சொல்லி முடியாது.

எனவே பரிபாலன சபைக்கு ஒரு விண்ணப்பம். செவ்வாயும் வியாழனும் காலைப் பூசை முடிந்தபின் மண்டபம் மாலை வரை வெறுமையாகவே கிடக்கிறது. அட்டை உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, தமிழில், பன்னிரண்டு வாரம் ஒரு வகுப்பு அங்கே நடத்தலாம். நம் பிள்ளைகளில் பிசியோதெரபியும் கினீசியோலொஜியும் படித்தவர்கள் இருக்கிறார்கள். தேர்த் திருவிழாவில் தொண்டு செய்பவர்கள் இதற்கும் வருவார்கள் என்று நம்புகிறேன். சி.எல்.எஸ்.சி.யுடன் பேசி அவர்களுடைய முறையையே பின்பற்றுவது நல்லது. வருபவர்களின் குளிசைப் பட்டியலையும், நிற்கும்போதும் இருக்கும்போதும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். வாங்கு, கைபிடி, வாசலுக்கு ரப்பர் விரிப்பு, கார்த் தரிப்பிடத்துக்கு உப்பு ஆகியவற்றை ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி தனியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சேர விரும்புவோர் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பெயரைப் பதியலாம். முதல் வகுப்புகளில் கதிரையிலிருந்து எழும்ப மாத்திரமே பழகுவோம்; நிலத்துக்கு வருவது ஆறாம் வாரத்துக்குப் பிறகு. கை வைத்த கதிரைகள் இருபது மண்டபக் களஞ்சியத்தில் இருக்கின்றன.